கேசட்டின் பி பக்கத்தில் இருந்தவர்கள்

தொண்ணூற்றாறாம் வருடம், புரட்டாசி பிறந்த சமயம் அது. அப்போது நாங்கள் சாந்தோமில் இருந்தோம். நான் ஒரு பள்ளியில் தமிழாசிரியை. அம்மா, தம்பி, நான் என்று மூன்றே பேர் வீட்டில். நாலாவதாக ஒன்று இருந்தது என்றால், அது கட்டிலுக்கு அடியில் கட்டுக்கட்டாகக் கிடந்த என் நாவல்.

அந்த நாவலை நான் நான்கு வருடம் உட்கார்ந்து எழுதினேன். டிரங்க் கால் போட்டுப் பேசிய காலத்தில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்த ஒரு பெண்ணின் கதை. ஊரில் உள்ளவர்களின் நல்லது கெட்டதெல்லாம் அவள் காது வழியாகப் போகும். வடக்கே வேலைக்குப் போன அவள் புருஷனிடமிருந்து மட்டும் ஒரு தகவலும் வராது. பதிப்பகங்களுக்கு அனுப்பிப் பார்த்தேன். சிலர் திருப்பி அனுப்பினார்கள், சிலர் அதையும் செய்யவில்லை. கடைசியில் ரோஷம் வந்து நானே அச்சடித்தேன். கடைக்காரர்களோ புத்தகத்தைப் புரட்டிக்கூடப் பார்க்காமல், "பேரு தெரியாத ஆளோட புக்கு போகாதுங்க" என்று சொல்லிவிட்டார்கள்.

என் தம்பிக்கு எலக்ட்ரீஷியன் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் பாடல் குழுவில் கீபோர்டு வாசிப்பான். நாவலில் அந்தப் பெண் தனக்குத்தானே முணுமுணுக்கிற மாதிரி அங்கங்கே சில பாட்டு வரிகள் எழுதியிருந்தேன். அதற்கெல்லாம் அவனாகவே மெட்டுப் போட்டு வைத்திருந்தான்.

"அக்கா, ஜனங்களுக்குப் படிக்க நேரம் இல்லைன்னா கேக்கட்டுமே. வாரம் ஒரு அத்தியாயம் நீ படி. முன்னாடி ஒரு பாட்டு நான் போடறேன். கேசட்ல பதிஞ்சு குடுக்கலாம். பிடிச்சுப்போனா புக்கைத் தேடி வருவாங்க" என்றான்.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. அவனுக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்திருந்தது. கிறிஸ்துமஸ் முடிந்ததும் கிளம்ப வேண்டும். அதற்குள் பன்னிரண்டு அத்தியாயங்களையும் முடித்துவிடுவது என்று திட்டம் போட்டோம்.

சனிக்கிழமை மதியம்தான் எங்களுக்குப் பதிவு நேரம். எதிரொலிக்காமல் இருக்க, அம்மாவின் புடவைகளையெல்லாம் கொடி கட்டித் தொங்கவிட்டு அதற்கு நடுவில் நான் உட்காருவேன். மீன்காரம்மா கூவினால் நிறுத்து. காக்கா கத்தினால் நிறுத்து. அம்மா சமையலறையில் தும்மினால்கூட மறுபடி முதலிலிருந்து. நீளமான கேசட்டில் முதலில் பதிந்துகொண்டு, தம்பியின் சிநேகிதன் வீட்டில் இருந்த இரட்டை டெக்கில், விலை குறைந்த சின்னக் கேசட்டுகளில் பத்துப் பிரதிகள் எடுப்போம். ஒவ்வொன்றின் முடிவிலும் நான், "இந்த நாவல் புத்தகமாகக் கிடைக்குமிடம்" என்று சொல்லி எங்கள் வீட்டு முகவரியை நிறுத்தி நிதானமாகப் படிப்பேன்.

மந்தைவெளியில் வாடகைக்குப் புத்தகம் தரும் லெண்டிங் லைப்ரரி ஒன்று இருந்தது. அதை நடத்திய அம்மாள் நல்ல மனதோடு கேசட்டுகளை வாங்கி வைத்துக்கொண்டார். டப்பா உடைந்துவிடும் என்று டப்பாவைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, வாரப் பத்திரிகைகளோடு சேர்த்துக் கேசட்டை மட்டும் கொடுத்தனுப்புவார்.

ஏழு வாரம் போனது. ஐப்பசி மழையும் பிடித்துக்கொண்டது. வந்தவை இரண்டே கார்டுகள். ஒன்று சித்தி போட்டது. இன்னொன்று சித்தி சொல்லி அவர் பக்கத்து வீட்டுக்காரர் போட்டது. கட்டிலுக்கு அடியில் ஒரு புத்தகம்கூடக் குறையவில்லை. கூட்டும்போதெல்லாம் அம்மா கட்டைவிரலை இடித்துக்கொள்வார். ஒருநாள் நானே பழைய பேப்பர்காரரைப் பார்த்து, ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லிவிட்டேன். தம்பி கீபோர்டை உறைக்குள் போட்டுப் பீரோ மேலே ஏற்றி வைத்தான். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

அந்த வாரம் வியாழக்கிழமை. தி.நகரில் ஒரு வேலை முடித்துவிட்டு பனகல் பூங்கா பக்கம் நின்றிருந்தேன். மழை கொட்டியது. பஸ்ஸுக்குக் காத்திருந்து அலுத்துப்போய் ஒரு ஆட்டோவில் ஏறினேன். ஏறி உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் பேசுவது கேட்டது.

என் குரல்.

முதலில் எனக்குப் பயம்தான் வந்தது. ஏதோ சொந்த விஷயத்தை யாரோ ஒட்டுக் கேட்டுவிட்டது போல இருந்தது. பிறகுதான் ஆட்டோவில் இருந்த டேப் ரெக்கார்டர் என்பது உறைத்தது. ஏழாவது அத்தியாயம் ஓடிக்கொண்டிருந்தது.

"இது என்ன கேசட்டுங்க?" என்று கேட்டேன்.

"கதைக்கா. டெலிபோன் ஆபீஸ்ல வேலை பாக்குற ஒரு பொண்ணோட கதை. சோக்கா கீது" என்றார் ஓட்டுநர். முப்பத்தைந்து வயது இருக்கும். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"எங்க வாங்கினீங்க?"

"கொஞ்சம் கம்முனு வாக்கா. இப்பத்தான் லெட்டர் வரப்போவுது."

என் கதையைக் கேட்பதற்காக என்னையே வாயை மூடச் சொன்னார்! புருஷனின் கடிதம் வந்து, அவள் அதைப் பிரிக்காமல் கைப்பைக்குள் போட்டுக்கொள்ளும் வரை நானும் வாய் திறக்கவில்லை. மயிலாப்பூர் குளம் தாண்டும்போது அவரே திரும்பிச் சொன்னார்: "காசு குடுத்து வாங்கலக்கா. பாண்டி பஜார் பின்னாடி ஒரு ரெக்கார்டிங் கடை கீது. காலி கேசட்டு எடுத்துக்கினு போனா பதிஞ்சு குடுப்பாரு. எங்க ஸ்டாண்டுல எல்லாத்துகிட்டயும் கீது."

நான்தான் எழுதினேன் என்று சொல்லியிருக்கலாம். எந்த எழுத்தாளருக்கும் அது பெரிய சந்தோஷமான நொடி. ஆனால் காசு கொடுத்து வாங்கவில்லை என்று அவர் சொன்னதுகூட உறைக்காமல், எனக்குள் வேறொன்றுதான் கிளம்பியது. நாங்கள் தும்மலை அடக்கிக்கொண்டு பதிந்ததை, யாரோ ஒருவன் உட்கார்ந்த இடத்தில் நகல் எடுத்துக் கடை நடத்துகிறான். என் புத்தகம் எடைக்குப் போகிறது, என் தொண்டையை வைத்து அவன் பிழைக்கிறான். வீடு வந்து சேர்வதற்குள் கோபம் தலைக்கு ஏறிவிட்டது.

சனிக்கிழமை காலை தம்பியை இழுத்துக்கொண்டு அந்தக் கடைக்குப் போனேன். மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன இடம். கண்ணுக்கு எட்டிய வரை சுவரெல்லாம் கேசட். நாம் பாட்டுகளை எழுதிக் கொடுத்தால் அந்த வரிசையில் பதிந்து தருகிற கடைகள் அப்போது தெருவுக்குத் தெரு உண்டே, அது போல ஒன்று. கழுத்தில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நடுத்தர வயதுக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். மூன்று பேர் சீட்டோடு நின்றிருந்தார்கள்.

அவர்கள் முன்னாலேயே ஆரம்பித்தேன். வகுப்பில் நாற்பது பிள்ளைகளுக்குக் கேட்கிற குரல் எனக்கு. "அடுத்தவங்க உழைப்பைத் திருடி வியாபாரம் பண்றீங்களே, வெக்கமா இல்லை?" என்று தொடங்கி, போலீஸ் வரை போய்விட்டேன்.

அவர் மெல்ல எழுந்து நின்றார். "மேடம், அந்தக் கதை படிக்கறது... நீங்களா?" என்றார்.

"படிக்கறது மட்டுமில்ல, எழுதினதும் நான்தான்!"

அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. மாட்டிக்கொண்ட பிறகும் சிரிக்கிறாரே என்று எனக்கு இன்னும் பற்றிக்கொண்டது. இன்னும் நாலு வார்த்தை சேர்த்துக் கொட்டினேன். என்னென்ன சொன்னேன் என்று இங்கே எழுதக் கூச்சமாக இருக்கிறது. "மேடம், ஒரு நிமிஷம்..." என்று ஒருமுறை வாயெடுத்தார். நான் விடவில்லை. அப்புறம் அவர் குறுக்கே பேசவே இல்லை. கையைக் கட்டிக்கொண்டு, நான் மூச்சு வாங்க நிறுத்தும் வரை கேட்டார்.

பிறகு பின்னால் திரும்பி, மேல் தட்டிலிருந்து ரப்பர் பேண்டு போட்ட ஒரு கட்டை எடுத்தார். ஏழு கேசட்டுகள். மழையில் நனையாமல் பிளாஸ்டிக் பையில் போட்டு, இரண்டு கைகளாலும் நீட்டினார்.

"எங்கிட்ட இருந்தது இவ்ளோதான் மேடம். எடுத்துக்கினு போங்க. வூட்ல போய் ரெண்டு பக்கமும் கேளுங்க."

வெற்றி பெற்றவள் மாதிரி வாங்கிக்கொண்டு வந்தேன். பஸ்ஸில் தம்பி என்னைப் பார்க்காமல் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தான்.

வீட்டில் பையை ஒரு மூலையில் போட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். பதிவின் தரம் எப்படி என்று பார்க்கலாமென்று தம்பி ஒரு கேசட்டை எடுத்துப் போட்டான். அத்தியாயம் முடிந்தது. என் குரல், "இந்த நாவல் புத்தகமாக..." என்றது. டக் என்று நின்றுவிட்டது.

"அக்கா" என்றான் தம்பி. அவன் முகம் வெளுத்திருந்தது.

அடுத்த கேசட்டைப் போட்டான். அதுவும் அதே இடத்தில் நின்றது. ஓடிப்போய் எங்கள் வீட்டிலேயே மிச்சமிருந்த எங்கள் சொந்தப் பிரதியைக் கொண்டுவந்து போட்டான். அதுவும்தான்! நீளக் கேசட்டில் பதிந்ததைச் சின்னக் கேசட்டில் ஏற்றியபோது, ஒவ்வொரு வாரமும் கடைசி ஒரு நிமிடம் இடம் போதாமல் வெட்டுப்பட்டிருக்கிறது. பிரதி எடுத்த பிறகு நாங்கள் ஒருமுறைகூடக் கடைசி வரை போட்டுக் கேட்கவில்லை. முகவரி அச்சடித்த டப்பாவோ லைப்ரரி அம்மாளின் மேஜைக்குள் பத்திரமாக இருக்கிறது. ஏழு வாரமாக யாருக்கும் நாங்கள் யார், எங்கே இருக்கிறோம் என்று சொல்லவே இல்லை. புத்தகத்தை யாரும் தேடி வரவில்லை என்று ஊரையே நொந்துகொண்டிருந்தோம்.

அப்போதுதான் தம்பிக்கு அவர் கடைசியாகச் சொன்னது ஞாபகம் வந்தது. கேசட்டைத் திருப்பிப் போட்டான். பி பக்கத்தை நாங்கள் காலியாக விட்டிருந்தோம். அதில் கொஞ்ச நேரம் இரைச்சல். தொண்டையைக் கனைக்கும் சத்தம். பிறகு அவர் குரல்.

"வணக்கம்மா. நான் ரெக்கார்டிங் கடைக்காரன் பேசறேன். ஒருத்தர் காப்பி எடுக்கணும்னு இந்தக் கதையக் கொண்டாந்தாரு. நாலு கை மாறி வந்துதாம், யாருதுன்னு கேட்டா அவுருக்கும் தெரில. ஒவ்வொரு தபாவும் புத்தகமாகன்னு சொல்றீங்க, அத்தோட கட் ஆயிடுது. எங்க கெடைக்கும்னு கடைக்கு வர்றவங்க என்னைக் கேக்கறாங்க. நான் இன்னாத்த சொல்ல? அதனால அவங்க சொல்றத இதுல பதிஞ்சு வெக்கறேன். என்னிக்காவது உங்க கைக்கு வந்தா கேளுங்க. இதுக்குன்னு நான் யாராண்டயும் காசு வாங்கறதில்ல. இது உங்க பொருளு."

என் தட்டில் சாதம் அப்படியே இருந்தது.

அடுத்து ஒரு பெண். பின்னால் தையல் மெஷின்களின் சத்தம். "நாங்க இந்தக் கடைக்கு மேல ஜாக்கெட் தைக்கறோம்க்கா. பன்னெண்டு பேரு. சாப்பிட்டுக்கினே கேப்போம். புருஷன் வந்தா சேத்துக்கக் கூடாதுன்னு பாதிப் பேரு, பாவம் சேத்துக்கட்டும்னு பாதிப் பேரு. ஒரே சண்டை. நீ இன்னா வேணா எழுதிக்கோ, ஆனா அந்தப் பொண்ண மட்டும் சாவடிச்சிடாதக்கா."

இன்னொரு கேசட்டில் மயிலாப்பூரிலிருந்து ஒரு மாமி. "எங்காத்துக்காரர் பேப்பரைத் தவிர எதையும் தொடமாட்டார். இப்போ சாயங்காலமானா அந்தக் கதையைப் போடுன்னு கூப்பிட்டு உக்காத்தி வச்சுண்டு கேக்கறார். அதிருக்கட்டும், மூணாவது கேசட்ல வர்ற பாட்டை யார் மெட்டுப் போட்டது? நான் சமைச்சுண்டே அதைத்தான் பாடிண்டிருக்கேன். அவாளுக்கு என் நமஸ்காரத்தைச் சொல்லுங்கோ." சொன்னதோடு நிற்காமல் இரண்டு வரி பாடியும் காட்டினார்.

தம்பி எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டான். வெகுநேரம் கழித்துத்தான் வந்தான். கண் சிவந்திருந்தது. நான் அடுத்த கேசட்டை எடுத்து அவனிடம் நீட்டினேன்.

ஆறாவது கேசட்டில் ஒரு பெண் நிதானமாகப் பேசினார். "நான் டிரங்க் எக்ஸ்சேஞ்சில் இருபது வருஷம் இருந்தவ. கதை நல்லா இருக்கு. ஆனா ஒரு தப்பு இருக்கு. ரெண்டு பேர் பேசறதை நாங்க முழுசா கேட்டுக்கிட்டு உக்காந்திருக்க முடியாதும்மா. அதுக்குள்ள அடுத்த கால் வந்துடும். பாதிதான் காதுல விழும். செத்தது யாரு, கல்யாணம் நின்னுபோச்சா இல்லையான்னு மீதியைத் தெரிஞ்சுக்காமலே வீட்டுக்குப் போவோம். அதுதான் அந்த வேலையோட கஷ்டமே. அதை எழுதுங்க."

நான்கு வருடம் எழுதிய எனக்கு அது தோன்றவில்லை. அவருக்கு ஒரு நிமிடம்தான் ஆனது.

ஏழு பக்கங்களையும் கேட்டு முடித்தபோது மணி நான்கு. மழை விட்டிருந்தது. "கிளம்பு" என்றான் தம்பி. காலையில் போன வழியிலேயே மறுபடி போனோம். கால் எடுத்து வைக்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

கடையில் இப்போதும் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். ஆளில்லாத நேரமாகப் பார்த்து மன்னிப்புக் கேட்கலாம் என்று ஒரு நப்பாசை. ஆனால் காலையில் நான் அவரைத் திட்டியது பலர் முன்னால். அதனால் அவர்கள் முன்னாலேயே கைகூப்பி, "நான் பேசினது ரொம்பத் தப்புங்க. மன்னிச்சிடுங்க" என்றேன்.

அவர் பதறிவிட்டார். "ஐயோ, இன்னா மேடம் இது! கேக்காம காப்பி எடுத்தது என் தப்புதானே. உக்காருங்க" என்று ஸ்டூலைத் தள்ளினார்.

"காலையில நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் நிறுத்தியிருப்பேனே?" என்றேன்.

அவர் கொஞ்சம் வெட்கத்தோடு தலையைச் சொறிந்தார். "எப்டி மேடம்? ஏழு வாரமா உங்க குரலக் கேட்டு வந்தவன். நீங்க திட்டறதுகூட கத படிக்கற மாரியே இருந்துச்சு. நடுவுல புகுந்து பேச வாய் வர்ல."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. தம்பி அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. டீ வந்தது. டீ குடித்து முடிப்பதற்குள், "எட்டாவது எப்ப வரும்?" என்று கேட்டுவிட்டார். இன்னும் பதியவில்லை என்று சொன்னேன். நிறுத்திவிடுவதாக இருந்தோம் என்பதைச் சொல்ல மனம் வரவில்லை.

மறுநாள் வந்த பழைய பேப்பர்காரரை அம்மாவே வாசலோடு திருப்பி அனுப்பினார். அந்த வாரம் முழுக்க எட்டாவது அத்தியாயத்தை உட்கார்ந்து மாற்றினேன். அச்சான புத்தகத்தில் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் படிக்கும்போது மாற்றிப் படிக்கலாமே. அந்த ஆபரேட்டர் அம்மா சொன்ன பாதிப் பேச்சு கதைக்குள் வந்ததும், என் கதாநாயகி முதல்முறையாக உண்மையான மனுஷியாகத் தெரிந்தாள்.

கடைக்காரரின் யோசனைப்படி அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதை நேரிலேயே படித்தோம். மேல்மாடியில் ஜாக்கெட் தைக்கும் பெண்கள் மெஷின்களைச் சுவரோரம் நகர்த்திப் பாய் விரித்துவிட்டார்கள். ஐம்பது பேருக்கு மேல் வந்திருப்பார்கள். மயிலாப்பூர் மாமி கணவரோடு வந்தார். ஆபரேட்டர் அம்மா வந்தார். அந்த ஆட்டோக்காரர் என்னைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டு, "யக்கா, உன்னையா நான் கம்முனு இருன்னேன்?" என்றார். தம்பி கீபோர்டில் மூன்றாவது பாட்டை எடுத்ததும் மாமியோடு அந்தப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். எல்லாருக்கும் வரிகள் தெரிந்திருந்தன. நான் எழுதியதை நானே மறந்துபோய்க் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கொண்டுபோன இரண்டு கட்டுப் புத்தகங்களில் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு கேசட்டையும் கடைக்காரரே பிரதி எடுத்தார். கடைசி வார்த்தை வரை போட்டுக் கேட்டுவிட்டுத்தான் கையில் கொடுப்பார். முகவரி தெரிந்த பிறகு கார்டுகள் வந்தன, ஆட்களே வந்தார்கள். கிறிஸ்துமஸுக்கு முன்பே பன்னிரண்டும் முடிந்தன. அந்தப் பெண்ணை நான் சாகடிக்கவில்லை. புருஷனைச் சேர்த்துக்கொண்டாளா என்பதில் மட்டும் மேல்மாடியில் கடைசி வரை சமாதானம் ஆகவில்லை.

தம்பி கிளம்புகிற அன்று கடைக்காரர் எங்கள் வீட்டுக்கே வந்து அவனிடம் ஒரு கேசட் கொடுத்தார். மஸ்கட்டிலிருந்து அவன் எழுதிய முதல் கடிதத்தில் வேலையைப் பற்றி இரண்டே வரி. மீதியெல்லாம் அந்தக் கேசட்டைப் பற்றி. தையல் பெண்கள் பன்னிரண்டு பேரும் அவன் பாட்டுகளை ஒவ்வொன்றாகப் பாடியிருக்கிறார்களாம். அறையில் இருந்த மலையாளி, ஆந்திராக்காரர் எல்லாரும், யார் இந்தப் பாட்டுக்காரன் என்று கேட்டார்களாம். "நான்தான்னு சொன்னேன் அக்கா. சொல்ல எனக்குக் கூச்சமாவே இல்லை" என்று எழுதியிருந்தான்.

சில வருடங்களில் சி.டி. வந்து, அந்தக் கடை இருந்த இடத்தில் செல்போன் கடை வந்தது. அவர் குடும்பத்தோடு வேறு ஊருக்குப் போய்விட்டார். நான் அதற்குப் பிறகு இன்னும் இரண்டு நாவல்கள் எழுதினேன். அவற்றைப் பதிப்பகங்களே கேட்டு வாங்கிப் போட்டன. இப்போது சிறுபிள்ளைகள்கூடக் கையில் இருக்கும் போனில் பேசிப் பதிந்து ஊருக்கே கதை சொல்கிறார்கள், பாட்டுப் போடுகிறார்கள். யாராவது என்னிடம் யோசனை கேட்டு வந்தால், எப்படிப் பேசுவது என்று நான் சொல்லித் தருவதில்லை. உன்னைக் கேட்கிறவர்கள் உனக்குப் பதில் சொல்ல ஒரு வழி வைத்திருக்கிறாயா என்றுதான் கேட்கிறேன்.

பேர் தெரியாத ஒருத்தியின் குரலுக்காகத் தன் கடையில் ஒரு தட்டை ஒதுக்கி வைத்தவர், அவள் நேரில் வந்து அத்தனை பேர் முன்னால் அவமானப்படுத்தியபோதும் அதே பொறுமையோடு நின்று கேட்டார். இன்று யாராவது என்னிடம் கோபமாகப் பேச ஆரம்பித்தால், அவர்கள் முடிக்கும் வரை நான் வாய் திறக்காமல் இருப்பது அவருக்கு நான் செலுத்திக்கொண்டிருக்கும் நன்றி.